சீனத்துப் பெண்ணெழுத்து

சீன நாட்டைப் பற்றிய வரலாற்றுப் பாடம் நடந்துகொண்டிருந்த ஒரு நாள். பட்டு, காகிதம், அச்சுக்கலை, பெருஞ்சுவர் என்று கரும்பலகையில் வரிசையாக எழுதிக்கொண்டே வந்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், காகிதத்தை முதலில் செய்த நாடு என்கிறீர்களே, அந்தக் காகிதத்தில் எழுத அங்கே பெண்பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தார்களா?" என்று கேட்டாள். பாடநூலில் அதற்கு விடை இல்லை. "நாளைக்குச் சொல்கிறேன்" என்று சமாளித்து உட்கார வைத்தேன். அந்த "நாளை" பல வாரங்களாக நீண்டுவிட்டது. இதற்கிடையில் தேடித் தேடிப் படித்தவற்றை இந்த மலரில் எழுதித் தருகிறேன். தாமதத்தை அவள் பொறுத்துக்கொள்வாளாக.

சீன எழுத்தின் இயல்பை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். நாம் ஒலியை எழுதுகிறவர்கள். உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் என 247 எழுத்துகளைக் கற்றுவிட்டால், பொருள் தெரியாத சொல்லையும் வாய்விட்டு வாசித்துவிடுவோம். சீனத்தில் அப்படியன்று. அங்கே எழுத்து ஒவ்வொன்றும் ஓர் ஓசையையும் ஒரு பொருளையும் சேர்த்துச் சுமக்கிறது. காங்ஷி பேரரசர் காலத்தில், 1716-ல் நிறைவேறிய பேரகராதியில் 47,000-க்கும் மேற்பட்ட எழுத்துகள் உள்ளன. அத்தனையும் யாருக்கும் தேவையில்லைதான். ஆயினும் ஒரு செய்தித்தாளைத் தடையின்றிப் படிக்க ஏறத்தாழ 3,000 எழுத்துகளாவது தெரிந்திருக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் ஆசிரியரிடம் அமர்ந்து, எழுதி எழுதிக் கையைப் பழக்கினாலன்றி அது வசப்படாது.

உழுது பிழைக்கும் குடும்பத்துக்கு இது பெரிய செலவு. அந்தச் செலவை மகனுக்காகச் செய்தார்கள். அவன் அரசாங்கத் தேர்வில் தேறினால் பதவி கிடைக்கும், குலம் விளங்கும். 1905-ல் நீக்கப்படும்வரை அந்தத் தேர்வுக் கூடத்துக்குள் பெண்கள் நுழைய முடியவில்லை. ஆகவே மகளுக்கு எழுத்தறிவு எதற்கு என்று பெற்றோர் கேட்டனர். விதிவிலக்குகள் உண்டு. ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பான் ஜாவ் என்னும் பெண்மணி, தம் தமையனார் முடிக்காமல் விட்டுச்சென்ற ஹான் வம்ச வரலாற்று நூலை முடித்தவர்களுள் ஒருவர். பெண்களுக்கு அடக்கத்தையும் பணிவையும் அறிவுறுத்தி நூல் எழுதிய அந்த அம்மையாரே, அதே நூலில், பையன்களுக்குக் கல்வி தருகிறீர்கள், பெண்களை ஏன் விட்டுவிடுகிறீர்கள் என்றும் கேட்டிருக்கிறார். செல்வர் வீட்டுப் பெண்களில் சிலர் கற்றார்கள், கவிதையும் எழுதினார்கள். ஏழைக் குடியானவர் வீட்டுப் பெண்ணுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

எழுத்துகளின் உருவத்திலேயே பெண்ணின் நிலை ஒருவாறு தெரிகிறது. பெண் என்னும் எழுத்தையும் பிள்ளை என்னும் எழுத்தையும் அருகருகே எழுதினால் "நன்மை". கூரையின் கீழே பெண்ணை எழுதினால் "அமைதி". பெண்ணுக்குப் பக்கத்தில் துடைப்பத்தை எழுதினால் மணமானவள்! பொறாமையைக் குறிக்கும் எழுத்திலும் பெண் உண்டு. அடிமையைக் குறிக்கும் எழுத்திலும் உண்டு. (எல்லா எழுத்திலும் இப்படிக் கருத்துத் தேடுவது தவறு, பலவற்றில் ஒரு பாதி வெறும் ஓசைக் குறிப்பே. ஆனால் துடைப்பத்தை நினைக்கும்போது எனக்குச் சிரிப்பு வரத்தான் செய்கிறது.)

இனி ஓசைக்கு வருவோம். தமிழில் "மாலை" என்றால் பூமாலையும் உண்டு, அந்தி மாலையும் உண்டு. இத்தகைய ஒப்பொலிச் சொற்கள் சீனத்தில் எண்ணற்றவை. அவர்களுடைய வழக்கங்கள் பலவற்றின் வேர் அங்கேதான் இருக்கிறது. புத்தாண்டுக்கு முந்திய இரவு விருந்தில் மீன் இருக்க வேண்டும். ஏனெனில் "மீன்" என்பதும் "மிச்சம்" என்பதும் ஒரே ஓசை. வீட்டில் ஆண்டு முழுதும் மிச்சம் இருக்கட்டும் என்பது பொருள். நம்மூரில் வௌவால் வீட்டுக்குள் வந்தால் விரட்டுகிறோம். அவர்களோ பட்டிலும் பீங்கானிலும் வௌவாலை வரைந்து மகிழ்கிறார்கள். அதன் பெயரில் வரும் "ஃபு" என்ற ஓசை நற்பேற்றுக்கும் உரியது. நான்கு என்ற எண்ணின் ஓசை சாவை நினைவூட்டுவதால் அதைத் தவிர்க்கிறார்கள். சுவர்க் கடிகாரத்தைப் பரிசாகக் கொடுப்பதும் ஆகாது. "கடிகாரம் கொடுத்தல்" என்பது "இறுதிக் கடன் செய்தல்" என்று காதில் விழும்.

திருமணக் கட்டிலின் மீது பேரீச்சை போன்ற ஒரு பழம், நிலக்கடலை, லொங்கான் பழம், தாமரை விதை ஆகிய நான்கையும் தூவுகிறார்கள். நான்கின் பெயர்களிலிருந்தும் ஒவ்வோர் ஓசையை எடுத்துக் கோத்தால், "சீக்கிரமே சீமானான ஒரு மகனைப் பெறுக" என்று ஒரு வாழ்த்து வருகிறது. மகனை என்பதைக் கவனியுங்கள். மணப்பெண் அமரும் கட்டிலில் தூவும் பழங்கள்கூட மகளைக் கேட்கவில்லை.

இப்படி எழுத்தும் ஓசையும் ஆண்மக்கள் பக்கமே சாய்ந்திருந்த நாட்டில், ஒரு மூலையில், பெண்கள் தங்களுக்கென்று தனி எழுத்து ஒன்றை வைத்திருந்தார்கள். என் மாணவியின் வினாவுக்கு நான் கண்டெடுத்த விடை இதுதான்.

தென்சீனத்தில் ஹூனான் மாகாணத்தின் தென்கோடியில் ஜியாங்யோங் என்ற மாவட்டம் இருக்கிறது. மலைகளுக்கு நடுவே ஷியாவ் ஆறு ஓடும் நெல் விளையும் பூமி. ஹான் இனத்தாரும் யாவ் என்னும் மலை இனத்தாரும் நெடுங்காலமாகக் கலந்து வாழும் இடம். ஆண்கள் வயலுக்குப் போனார்கள். பெண்களுக்கோ, ஐந்தாறு வயதிலேயே பாதங்களைத் துணியால் இறுக்கிக் கட்டி வளரவிடாமல் செய்யும் கொடிய வழக்கம் அங்கும் இருந்தது. கால் கட்டுண்டவர்கள் வயலில் இறங்குவது எப்படி? மணமாகாத பெண்கள் வீட்டின் மாடி அறையில் கூடி அமர்ந்து நூல் நூற்றார்கள், நெய்தார்கள், காலணிகளுக்குப் பூத்தையல் போட்டார்கள். "மாடிப் பெண்கள்" என்றே அவர்களுக்குப் பெயர். அந்த மாடி அறைதான் அவர்களுடைய பள்ளிக்கூடம். பாட்டியோ அத்தையோ மூத்த தோழியோ ஆசிரியை. பாட்டைப் பாடிக் காட்டி, எழுத்தை விரலால் உள்ளங்கையில் எழுதிக் காட்டிக் கற்றுக் கொடுத்தார்கள்.

அந்த எழுத்துக்கு "நூஷூ" என்று பெயர். பெண்ணெழுத்து என்பதே பொருள். பொதுச் சீன எழுத்தை அப்பெண்கள் "ஆண்களின் எழுத்து" என்றனர். சீன எழுத்து ஒரு சதுரக் கட்டத்துக்குள் நிமிர்ந்து உட்காரும். பெண்ணெழுத்தோ சாய்சதுரமாகச் சரிந்து, மேல்பக்கம் வலமாகவும் கீழ்ப்பக்கம் இடமாகவும் நீண்டு, மெல்லிய கோடுகளும் புள்ளிகளுமாக நிற்கும். கொசுவின் கால்களைப் போல் இருப்பதால் கொசு எழுத்து என்றும் சொன்னார்கள். மேலிருந்து கீழாக எழுதி, வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக அடுத்த வரிசைக்குச் செல்வார்கள். தூரிகை இல்லாதவர்கள் மூங்கில் குச்சியைச் சீவி, வாணலியின் அடிக்கரியைக் கரைத்துத் தொட்டு எழுதினார்கள். காகிதம் இல்லையென்றால் விசிறியிலும் கைக்குட்டையிலும் எழுதினார்கள். ஊசியும் நூலும் கொண்டு தைத்தும் வைத்தார்கள்.

இந்த எழுத்தின் உண்மையான புதுமை உருவத்தில் இல்லை, முறையில் இருக்கிறது. பெரும்பாலான எழுத்துகள் பொதுச் சீன எழுத்திலிருந்து பிறந்தவையே. ஆனால் அப்பெண்கள் பொருளை உதறிவிட்டு ஓசையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். தங்கள் வட்டார மொழியின் ஓர் அசைக்கு ஓர் எழுத்து; அந்த ஓசையுடைய எல்லாச் சொற்களுக்கும் அதே எழுத்து. ஆயிரக்கணக்கில் கற்க வேண்டியிருந்த சுமை சில நூறாகக் குறைந்துவிட்டது. நாம் தமிழ் எழுதுகிறோமே, அந்த வழிக்கு இது நெருங்கி வருகிறது. கல்லாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள் செய்த வேலை இது! கற்றறிந்த அதிகாரிகளுக்குப் பல நூற்றாண்டுகளாகத் தோன்றாத எளிமை, மாடி அறையில் தையல் போட்டவர்களுக்குத் தோன்றிற்று.

யார் எப்போது படைத்தார்கள் என்பதற்குச் சான்றில்லை. கதை உண்டு. சோங் வம்சக் காலத்தில் ஹூ என்னும் குடும்பத்துப் பெண் ஒருத்தி பேரரசரின் அரண்மனைக்குக் கொண்டுசெல்லப்பட்டாளாம். அங்கே தனிமையில் வாடியவள், காவலர் படித்தறியாதபடி எழுத்துகளைச் சாய்த்தும் மாற்றியும் எழுதி ஊருக்குக் கடிதம் அனுப்பினாளாம். "சாய்த்துப் பார், நம் ஊர்ப் பேச்சில் ஓசையிட்டுப் படி" என்பது அவள் தந்த குறிப்பாம். வரலாறாக இதை ஏற்பதற்கில்லை. என்றாலும் அந்தப் பெண்கள் தங்கள் எழுத்தை எதற்கு உரியதாகக் கருதினார்கள் என்பதை இக்கதை நன்றாகச் சொல்லிவிடுகிறது: பிரிந்துபோனவள் வீட்டுக்கு எழுதும் கடிதத்துக்கு.

பிரிவு என்றால் அங்கே திருமணம்தான். சிறுமிகளாக இருக்கும்போதே இருவரோ எழுவரோ சேர்ந்து, உடன்பிறவாச் சகோதரிகளாக இருப்போம் என்று உறுதி பூணுவது அவ்வூர் வழக்கம். அந்த உறவை வேண்டி எழுதும் மடலே பெண்ணெழுத்தில்தான் போகும். சந்திர நாட்காட்டியின் நான்காம் மாதம் எட்டாம் நாள் பெண்பிள்ளைகளுக்கான திருநாள். அவரவர் வீட்டிலிருந்து பலகாரம் கொண்டுவந்து கூடி உண்டு, எழுதியவற்றைப் பாடி மகிழ்வார்கள். பாடுவது என்று சொன்னேன். ஆம், பெண்ணெழுத்தில் எழுதியவை பெரும்பாலும் ஏழசை கொண்ட அடிகளாலான பாட்டுகளே. வாய்க்குள் முணுமுணுத்துப் படிக்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை. மணநாள் நெருங்கியதும் தோழியர் மணப்பெண்ணோடு கூடியிருந்து அழுது பாடுவார்கள்.

மணம் முடிந்த மூன்றாம் நாள், பிறந்த வீட்டிலிருந்து புகுந்த வீட்டுக்குச் சீர்வரிசை போகும். அதோடு ஒரு சிறு புத்தகமும் போகும். துணியால் அட்டை போட்டுத் தைத்த அழகான புத்தகம். "மூன்றாம் நாள் மடல்" என்று பெயர். தாயும் தோழியரும் எழுதிய பாட்டுகள் அதன் முதற் சில பக்கங்களில் இருக்கும். உன்னை இழந்தோம் என்ற புலம்பல் பாதி. அவளைப் பரிவோடு நடத்துங்கள் என்று புகுந்த வீட்டாருக்கு விண்ணப்பம் பாதி. புகுந்த வீட்டுப் பெண்கள் கூடி அதைப் பாடக் கேட்பார்கள். வந்த மடலின் சிறப்பைக் கொண்டு வந்தவளின் சிறப்பை எடைபோடுவதும் உண்டு. நகைப்பெட்டியைத் திறந்து பார்ப்பதற்குப் பதில் புத்தகத்தைத் திறந்து பார்த்த ஊர் என்று நினைத்து நான் வியந்தேன். (நகையும் பார்த்திருப்பார்கள். மனிதர் எங்கும் மனிதரே.)

எல்லாம் கண்ணீர் என்று எண்ணிவிடாதீர்கள். விடுகதைகள் உண்டு, கோயிலுக்குக் கொண்டுபோய் வைக்கும் வேண்டுதல்கள் உண்டு, போர்க் காலத்துத் துன்பங்களைச் சொல்லும் பாட்டுகள் உண்டு. சீனம் முழுதும் அறிந்த ஜூ யிங்தாய் கதையும் உண்டு. அவள் ஆண்வேடம் பூண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படித்த பெண். பள்ளிக்கூடத்தின் வாசலையே மிதியாதவர்கள் எழுதி எழுதிப் பாடிய கதை அது. முதுமையில், குறிப்பாகக் கைம்பெண்கள், தம் வாழ்க்கை வரலாற்றைத் தாமே பாட்டாக எழுதி வைத்தார்கள்.

அண்மைக் காலத்தில் பல ஏடுகள் இதை "இரகசிய எழுத்து" என்றும், ஆண்களை ஏமாற்றக் கண்ட சங்கேதம் என்றும் எழுதிப் பரபரப்பூட்டுகின்றன. ஆய்ந்தவர்கள் சொல்வது வேறு. மூன்றாம் நாள் மடல் ஊரறியப் போயிற்று. பாட்டு கூடத்தில் ஒலித்தது. ஆண்களின் காதிலும் விழுந்தது. விசிறி கண்ணெதிரே இருந்தது. அவர்கள் கேட்க விரும்பியிருந்தால் கேட்டிருக்கலாம். பெண்கள் ஏதோ கிறுக்குகிறார்கள் என்று விட்டுவிட்டார்கள். மறைத்து வைத்த எழுத்தன்று இது. யாரும் ஏறெடுத்துப் பாராத எழுத்து. இரண்டில் எது வருத்தத்துக்குரியது என்று கேட்டால், இரண்டாவதுதான் என்பேன்.

அதனால்தான் ஊர்ப் பதிவேடுகளிலும் கல்வெட்டுகளிலும் அதற்கு இடமில்லாமல் போயிற்று. போதாக்குறைக்கு, எழுதியவள் இறந்தால் அவளுடைய மடல்களை அவளோடு புதைத்தோ எரித்தோ விடுவது வழக்கம். மறுமையில் அவள் படிப்பதற்காக. ஆகவே மிகப் பழைய சுவடி என்று சொல்லத்தக்கது நம்மிடம் ஏறக்குறைய இல்லை. 1950-களில் ஜோ ஷுவோயி என்ற உள்ளூர்க்காரர் ஒருவர் இதன் அருமையை உணர்ந்து திரட்டத் தொடங்கினார். அரசியல் சூறாவளியில் அவர் தண்டனைக்கு ஆளாகிப் பல ஆண்டுகள் துன்புற்றார். பண்பாட்டுப் புரட்சியின்போது அவர் திரட்டியிருந்தவை எரிக்கப்பட்டன. பெண்களிடம் இருந்த மடல்களும் பழமைச் சின்னம் என்று தீக்கிரையாயின. 1982-ல் கோங் ஜெபிங் என்னும் பேராசிரியர் வேறோர் ஆய்வுக்காக அங்கே வந்தபோதுதான் வெளியுலகம் இதை அறிந்தது. அப்போது எழுதத் தெரிந்திருந்தவர்கள் சில மூதாட்டிகளே. காவ் யின்ஷியான், யி நியான்ஹுவா என்ற இரு பாட்டிமாரும் நடுங்கும் கையால் நினைவிலிருந்து எழுதிக் கொடுத்தவை இன்றைய ஆய்வுகளுக்கு அடிப்படை. முன்னவர் 1990-லும் பின்னவர் 1991-லும் காலமானார்கள். ஜோ ஷுவோயியும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கி, பின்னாளில் பெண்ணெழுத்துக்கு அகராதி ஒன்றைத் தொகுத்து வெளியிட்டார்.

எல்லாவற்றையும் தீ அழித்தது என்று சொல்லிவிட்டால் கதை எளிதாக முடிந்துவிடும். ஆனால் இந்த எழுத்தைப் பெரிதும் நிறுத்தியது தீயன்று, பள்ளிக்கூடம். இருபதாம் நூற்றாண்டில் பாதம் கட்டும் வழக்கம் ஒழிந்தது. 1949-க்குப் பின் சிறுமிகள் கூட்டங்கூட்டமாகப் பள்ளிக்குப் போனார்கள். பையன்களோடு சமமாக அமர்ந்து பொதுச் சீன எழுத்தைக் கற்றார்கள். அதன்பின் பேத்திக்குப் பாட்டியின் எழுத்து எதற்கு? பாட்டிமாரே, பேத்திகள் பள்ளிக்குப் போவதைக் கண்டு மகிழ்ந்தவர்கள்தாம். மாடி அறை காலியாயிற்று. ஆசிரியையான எனக்கு இந்த இடம் சற்றுச் சங்கடமாகவே இருக்கிறது. பள்ளிக்கூடம் வந்தது தவறு என்று எப்படிச் சொல்வேன்? அந்தப் பெண்கள் ஏங்கியதே அதற்காகத்தானே. எனினும், கட்டுண்ட காலோடு உட்கார்ந்து அவர்கள் தாமாகவே உண்டாக்கிய ஒன்றை, எழுதப் படிக்கத் தெரிந்த தலைமுறை கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை என்பதும் உண்மை.

இந்தச் சூழலில் சிறுவயது முதல் இயல்பாகக் கற்று எழுதியவர்களுள் கடைசியானவர் என்று போற்றப்படுபவர் யாங் ஹுவான்யி. 1995-ல் பெய்ஜிங்கில் நடந்த ஐக்கிய நாடுகளின் உலக மகளிர் மாநாட்டுக்கு அவரை அழைத்துப் போனார்கள். தொண்ணூறு வயதைக் கடந்து, 2004-ல் காலமானார்.

2006-ல் சீன அரசு பெண்ணெழுத்து வழக்கத்தை நாட்டின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. ஆறு சூழ்ந்த புவெய் என்ற சிற்றூரில் இதற்கென்று அருங்காட்சியகம் இருக்கிறது. இளம்பெண்கள் கற்றுத் தேர்ந்து, வருகிறவர்களுக்கு எழுதியும் பாடியும் காட்டுகிறார்கள். 2017-ல் கணினிக்கான உலகப் பொதுக் குறியீட்டில் 396 பெண்ணெழுத்துகளுக்கு இடம் கிடைத்தது. வாணலிக் கரி தொட்டு எழுதியதை இனிக் கைப்பேசியிலும் எழுதலாம். சுற்றுலாப் பயணிகளுக்கு விசிறியிலும் சட்டையிலும் அச்சிட்டு விற்கிறார்கள். விற்கட்டும், காப்பாற்றவும் பணம் வேண்டுமே. ஆனால் பரிசுப்பொருளில் பதியும் எழுத்துக்கும், இன்னாள் இன்னாளுக்கு எழுதிய கடிதத்துக்கும் உள்ள தொலைவு நிரம்ப அதிகம்.

மூன்றாம் நாள் மடலைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். முதற் சில பக்கங்களில்தான் தோழியர் எழுதுவார்கள். மற்றப் பக்கங்களை வேண்டுமென்றே வெறுமையாக விட்டுவிடுவார்கள். அவை மணப்பெண் தானே எழுதிக்கொள்வதற்கு. மணம் முடிந்தும் சில காலம், முதற் குழந்தை பிறக்கும் காலம்வரை, அவள் பெரும்பாலும் பிறந்த வீட்டிலேயே இருப்பது அவ்வட்டார வழக்கம்; அதன் பிறகு புகுந்த வீட்டில் நிலையாகத் தங்கும்போது இந்தப் புத்தகமும் கூடவே போகும். இன்று எஞ்சியிருக்கும் மடல்களுள் பலவற்றில் அந்தப் பக்கங்கள் அப்படியே வெறுமையாக உள்ளன. வீட்டு வேலையில் எழுத நேரம் கிடைக்காமல் போயிற்றோ, எழுத மனம் வரவில்லையோ, யாரறிவார்! ஆனால் புத்தகத்தை அவர்கள் தூக்கிப் போடவில்லை. காலணித் தையலுக்கு வெட்டிய காகித மாதிரிகளையும் வண்ண நூல்களையும் அந்தத் தாள்களுக்கிடையே செருகி வைத்துக்கொண்டார்கள்.